ஹயாஷிபாரா மெகுமி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், பார்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால், 'எவாஞ்செலியன் தொடரில் ரெய்க்குக் குரல் கொடுத்தது யார்?' என்ற கேள்வி எப்படியும் வந்துவிடுகிறது. பெயரைச் சொன்னதும் 'ஸ்லேயர்ஸ் லீனாவும் இவரா? சும்மா சொல்லாதீர்கள்!' என்பார்கள். அதற்கும் ஆம் என்றால் 'பாட்டும் பாடுவாராமே, நர்ஸாமே, ஹலோ கிட்டியாமே' என்று வரிசையாக வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்டது போலவே கேள்விகளை வைத்திருக்கிறேன். சில கேள்விகளில் கொஞ்சம் கோபமும் இருக்கும்.

முதலில், யார் இவர்? ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

1967 மார்ச் 30 அன்று டோக்கியோவின் கிட்டா வட்டாரத்தில் பிறந்த குரல் நடிகை, பாடகி, பாடலாசிரியர், வானொலித் தொகுப்பாளர். 1986இல் தொடங்கி இன்றுவரை தொழிலில் இருக்கிறார். 1990களின் ஜப்பானிய அனிமேயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இவர் குரல் காதில் விழும்.

இதில் எது பெயர், எது குடும்பப் பெயர்? மெகுமி ஹயாஷிபாரா என்றும் போடுகிறார்களே?

ஹயாஷிபாரா குடும்பப் பெயர், மெகுமி அவர் பெயர். ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னால் வரும். ஆங்கிலப் பட்டியல்களில் திருப்பிப் போட்டுவிடுவார்கள். நம் முன்னெழுத்து வழக்கத்துக்கு ஜப்பானிய வரிசைதான் நெருக்கம் என்பதால் நான் அப்படியே எழுதுகிறேன். கீழே வரும் மற்றவர்களின் பெயர்களும் அதே வரிசைதான்.

டப்பிங் ஆர்ட்டிஸ்ட் என்று சொன்னால் போதாதா? 'செய்யூ' என்று ஏன் தனியாக ஒரு சொல்?

செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் செய்யூருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிண்டலைக் கேட்காத நாளில்லை. 'செய்யூ' என்றால் ஜப்பானிய மொழியில் குரல் நடிகர். நாம் டப்பிங் என்கிறபோது, ஒருவர் ஏற்கெனவே நடித்து முடித்துவிட்டார், அவர் வாயசைவுக்கு இன்னொருவர் பேசுகிறார் என்று பொருள். அனிமேயில் முன்னால் நடித்தவர் யாரும் இல்லை. கோடுகளாக இருக்கும் உருவத்துக்கு முதல் மூச்சு விடுவதே இவர்கள்தான். கதாபாத்திரம் எப்படிச் சிரிக்கும், எந்த இடத்தில் திணறும் என்பதெல்லாம் குரல் அறையில்தான் முடிவாகிறது.

பாட்டிலும் ஒரு வித்தியாசம் உண்டு. நம் சினிமாவில் முகம் ஒருவருடையது, பேச்சு இன்னொருவருடையது, பாட்டு மூன்றாமவருடையது என்று இருப்பது சகஜம். ஜப்பானில் கதாபாத்திரத்துக்குப் பேசுகிறவரே அந்தக் கதாபாத்திரமாகப் பாடவும் செய்வார். அதற்குக் 'கேரக்டர் பாடல்' என்றே பெயர். மெகுமியின் பாடகி வாழ்க்கை முழுவதும் இந்த ஊற்றிலிருந்து வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நர்ஸாக இருந்தவர் என்கிறார்களே, கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் செவிலியர் பள்ளியில் சேர்ந்தார். அதே காலத்தில் ஆர்ட்ஸ்விஷன் என்ற குரல் நடிகர் நிறுவனத்தின் தேர்வில் தேறி, அங்கும் பயிற்சி எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் ஊசியும் வார்டும், இன்னொரு பக்கம் மைக்கும் வசனத்தாளும். செவிலியர் படிப்பைப் பாதியில் விடவில்லை. முடித்துத் தகுதியும் பெற்றார். அதற்குள் மைக் பக்கம் வேலை குவிந்துவிட்டது.

குரல் நடிப்பு சோறு போடும் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லாத காலம் அது. இரண்டாவது கதவைத் திறந்தே வைத்திருந்த இந்த நிதானம் எனக்குப் பிடித்த விஷயம்.

முதல் வேலை எது?

1986இல் தொடங்கிய 'மேஸோன் இக்கோகு' தொடரில் சின்னச் சின்னக் குரல்கள். புதிதாக வருபவர்களுக்கு இப்படித்தான் தொடங்கும்: தெருவில் போகும் குழந்தை, கடையில் நிற்கும் பெண், கூட்டத்தின் சலசலப்பு. கூட்ட இரைச்சலுக்கு அந்தத் தொழிலில் 'காயா' என்று பெயர். பெயரில்லாத கும்பலில் ஒருவராக நின்று கத்துவதுதான் பாலபாடம்.

அடுத்து 1988இல் 'மாஷின் எய்யூடென் வடாரு' தொடரில் ஹிமிகோ என்ற துறுதுறுப்பான சிறுமி. 1989இல் 'ரன்மா ½'. அதோடு பெயர் நிலைத்துவிட்டது. மேஸோன் இக்கோகுவுக்கும் ரன்மாவுக்கும் மூலக் கதை தகாஹாஷி ருமிகோ வரைந்த மாங்காக்கள், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைகள்தான். கும்பலில் ஒருவராக நுழைந்த வீட்டில் மூன்றே ஆண்டில் தலைவாழை இலை போட்டுவிட்டார்கள்.

ரன்மாவுக்கு இரண்டு பேர் குரல் கொடுத்தார்கள் என்பது உண்மையா? ஒரே பாத்திரம்தானே?

உண்மை. ரன்மா ஒரு சபிக்கப்பட்ட சண்டைக்கலைப் பையன். குளிர்ந்த தண்ணீர் பட்டால் பெண்ணாகிவிடுவான், வெந்நீர் பட்டால் மறுபடியும் ஆண். ஆண் ரன்மாவுக்கு யமாகுச்சி கப்பேய், பெண் ரன்மாவுக்கு மெகுமி.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும். மெகுமி பேசவேண்டியது ஒரு பெண் அல்ல. பெண் உடலுக்குள் மாட்டிக்கொண்ட, எரிச்சலில் இருக்கிற ஒரு பையன். ஒரு வாளித் தண்ணீரில் குரல் மாறவேண்டும், ஆள் மாறக்கூடாது. யமாகுச்சி எந்த வேகத்தில் வசனத்தை விட்டாரோ அதே வேகத்தில் இவர் பிடித்துக்கொள்வதைக் கவனியுங்கள். ரிலே ஓட்டத்தில் குச்சி கைமாறுவது போல இருக்கும்.

எவாஞ்செலியன் ரெய்யும் ஸ்லேயர்ஸ் லீனாவும் ஒரே ஆள் என்பதை என்னால் நம்பமுடியவில்லை. உறுதியாகத் தெரியுமா?

உறுதியாகத் தெரியும். இரண்டும் 1995இல் வந்த தொடர்கள். ஸ்லேயர்ஸ் ஏப்ரலில் தொடங்கியது, எவாஞ்செலியன் அக்டோபரில். லீனா இன்வர்ஸ் தங்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆசைப்படும் மந்திரக்காரி. கோபம் வந்தால் மலையையே தூளாக்கிவிடுவாள். பத்துச் சொல் பேச வேண்டிய இடத்தில் நாற்பது பேசுவாள். அயனாமி ரெய் நாற்பது சொல் தேவைப்படும் இடத்தில் ஒன்று பேசுவாள், அதையும் பாதியில் நிறுத்துவாள்.

ரெய்யைப் பற்றி இயக்குநர் அன்னோ ஹிதேயாகி சொன்ன விளக்கத்தை மெகுமி பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்: அந்தப் பெண்ணுக்கு உணர்ச்சி இல்லை என்பதல்ல, உணர்ச்சி என்றால் என்னவென்று தெரியாது. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது பாருங்கள். உணர்ச்சி இல்லாதவளாக நடித்திருந்தால் இயந்திரக் குரல் வந்திருக்கும். தெரியாதவளாக நடித்ததால், ஒவ்வொரு சொல்லும் வாயில் புதிதாக முளைப்பதைப் போல வருகிறது. பின்னால் வந்த எத்தனையோ தொடர்களில் நீலமுடி, வெள்ளை முகம், தணிந்த குரல் என்று ரெய்யின் தங்கைகளை உருவாக்கினார்கள். பெரும்பாலானவர்கள் தணிந்த குரலைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தயக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

எவாஞ்செலியனில் ரெய்யைத் தவிர, கதாநாயகன் ஷின்ஜியின் தாய் இக்காரி யூய்யும் இவர்தான். மூன்றாவதாக ஒரு குரலும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன், யோசித்துக்கொண்டே வாருங்கள்.

ஒலிப்பதிவு எப்படி நடக்கும்? தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து பேசுவார்களா?

உட்கார்ந்து பேசமாட்டார்கள், தனியாகவும் இருக்கமாட்டார்கள். குறைந்தபட்சம் இவர் வளர்ந்த காலத்தில் அப்படித்தான். படம் முதலில் தயாராகும், பிறகு குரல். இதை ஜப்பானியர்கள் 'அஃப்ரெகோ' என்கிறார்கள். அந்த அத்தியாயத்தின் நடிகர்கள் எல்லோரும் ஒரே அறையில் சுவரோரம் இருப்பார்கள். முன்னால் மூன்று அல்லது நான்கு மைக்குகள். திரையில் காட்சி ஓடும். பல நேரம் வண்ணம் பூசாத வெறும் பென்சில் கோடுகள்தான். தன் முறை வந்ததும் எழுந்து ஏதாவது ஒரு மைக்கில் பேசிவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு விலகவேண்டும். வசனப் புத்தகத்தின் தாளைப் புரட்டும் சத்தம்கூட வரக்கூடாது. சரசரக்கும் உடை போட்டுக்கொண்டு போனால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலி இயக்குநர் இருப்பார். கொரோனா காலத்தில் இரண்டு மூன்று பேராகப் பிரித்துப் பதிவு செய்யும் வழக்கம் வந்தது. எதிரில் ஆளே இல்லாமல் சண்டை போடுவது எவ்வளவு கடினம் என்று பழைய நடிகர்கள் புலம்பியதில் ஆச்சரியமில்லை.

நான் ஜப்பானிய மொழி அல்லாத பதிப்பில் பார்த்தேன். நான் கேட்டது இவர் குரலா?

இல்லை. வேறு மொழிக்கு மாற்றும்போது அந்தந்த மொழிக் கலைஞர்கள் பேசுவார்கள். இவரைக் கேட்க வேண்டுமானால் ஜப்பானிய ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுத்து, வசன வரிகளோடு பாருங்கள்.

போகிமானில் இவர் யார்?

'ராக்கெட்' கும்பலின் செந்நிற முடிக்காரி. நீங்கள் ஜெஸ்ஸி என்று அறிந்திருப்பீர்கள். ஜப்பானில் அவள் பெயர் முசாஷி. கூட்டாளி கொஜிரோ. மியாமோட்டோ முசாஷி, சசாகி கொஜிரோ என்ற இரண்டு பழைய வாள்வீரர்களின் பெயர்கள். எதிரெதிராக நின்று வாள்சண்டை போட்டவர்களை ஒரே கும்பலில் சேர்த்துவிட்டார்கள். 1997 ஏப்ரலில் தொடங்கி, கதாநாயகன் சாட்டோஷியின் கதை 2023 மார்ச்சில் முடியும்வரை ஏறக்குறைய 26 ஆண்டுகள் முசாஷி தோற்றுக்கொண்டே இருந்தாள். வாரம் தவறாமல் வானத்தில் தூக்கி எறியப்பட்டு, மறுவாரம் அதே உற்சாகத்தோடு வந்து நிற்பதற்குத் தனித் தொண்டை வேண்டும்.

சாட்டோஷியின் ஃபுஷிகிதானே, அதாவது பல்பசோர், அதுவும் இவரே. ஒரே அத்தியாயத்தில் திருட வருபவளும் இவர், எதிர்த்துக் கொடி வீசும் பிராணியும் இவர்.

டிடெக்டிவ் கோனானில் வரும் ஹாய்பரா அய் பாத்திரத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்களாமே? ஹயாஷிபாரா, ஹாய்பரா, ஒரே மாதிரி இருக்கிறதே!

எழுத்து ஒற்றுமை மட்டும்தான். கதைக்குள்ளேயே அந்தப் பெயருக்குக் காரணம் இருக்கிறது. மேல்நாட்டுத் துப்பறியும் கதைகளில் வரும் இரண்டு பெண் துப்பறிவாளர்கள், கார்டிலியா கிரேயும் வி.ஐ. வார்ஷாவ்ஸ்கியும். கிரே என்றால் சாம்பல் நிறம், அதற்கு ஜப்பானிய மொழியில் 'ஹாய்'. வி.ஐ.யில் இருக்கும் 'ஐ' என்ற ஆங்கில எழுத்திலிருந்து 'அய்'. தொலைக்காட்சித் தொடரில் அவள் வந்தது 1999 ஜனவரியில்.

என்னைக் கேட்டால் இதைவிட ருசியான ஒற்றுமை வேறு ஒன்று இருக்கிறது. ரன்மாவில் நபிகியாகப் பேசிய தகாயாமா மினாமிதான் சிறுவன் கோனான். ஆண் ரன்மாவாகப் பேசிய யமாகுச்சி கப்பேய்தான் கோனானின் உண்மை வடிவமான குடோ ஷின்இச்சி. அகானேயாகப் பேசிய ஹிடாகா நொரிகோவும் பின்னால் செரா மசுமியாக அதே தொடருக்கு வந்து சேர்ந்தார். பழைய வீட்டை இடித்துவிட்டு அதே ஆட்களை வைத்து எதிர்த்தெருவில் புதுவீடு கட்டினாற்போல் இருக்கிறது. மேலே சொன்ன ஓர் ஆளுக்கு இரண்டு குரல் என்ற தந்திரமும் ஷின்இச்சி, கோனான் வடிவில் தொடர்கிறது.

2023இல் வந்த கோனான் திரைப்படம் ஹாய்பராவை நடுநாயகமாக வைத்தது. அந்தப் படவரிசையில் ஜப்பானில் 1,000 கோடி யென் வசூலைத் தாண்டிய முதல் படம் அதுதான். அளவாக, கொஞ்சம் குத்தலாகப் பேசும் ஒரு சிறுமியைப் பார்க்க இத்தனை பேர் டிக்கெட் வாங்கினார்கள்.

ஹலோ கிட்டி பேசுமா? அதற்கு வாயே இல்லையே!

படத்தில் வாய் வரையமாட்டார்கள். ஆனால் அனிமேஷனிலும் நிகழ்ச்சிகளிலும் பேசும். 1990 முதல் அந்தக் குரல் மெகுமியுடையது. ரெய்யின் குரலை இருட்டில் கேட்டு நடுங்கிய அதே ஆட்கள், தங்கள் பிள்ளைகளுக்குக் கிட்டி பொம்மை வாங்கிக் கொடுக்கும்போது அதே தொண்டையைத்தான் கேட்கிறார்கள்.

சரி, பாட்டுக்கு வருவோம். எவாஞ்செலியனின் அந்தப் புகழ்பெற்ற தொடக்கப் பாடலைப் பாடியது இவர்தானே?

இல்லை. எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான், அதிகம் வாதாடியதும் இதற்குத்தான். அதைப் பாடியவர் தகாஹாஷி யோகோ. ரன்மாவை வரைந்த தகாஹாஷி ருமிகோ வேறு ஆள். அந்தக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். தொடரின் முடிவில் வரும் 'ஃப்ளை மீ டு த மூன்' பாடலுக்குப் பல வடிவங்கள் இருந்தன. அவற்றில் ரெய்யாக மெகுமி பாடியவையும் உண்டு. குழப்பம் இங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.

அப்படியானால் இவர் பாடிய பெயர்பெற்ற பாடல்கள் எவை?

ஸ்லேயர்ஸிலிருந்து தொடங்குங்கள். 1995, 1996, 1997, பிறகு இடைவெளி விட்டு 2008, 2009 என்று ஐந்து தொடர்கள் வந்தன. ஐந்தின் தொடக்கப் பாடலிலும் இவர் குரல் இருக்கிறது. முதலாவது பாடகி ஒகுய் மசாமியோடு சேர்ந்து பாடியது, மற்றவை தனியாக. இரண்டாவது தொடருக்கான 'கிவ் எ ரீசன்' இன்றும் ஜப்பானிய கரோகே அறைகளில் நாற்பது வயதுக்காரர்கள் தொண்டை கிழியப் பாடும் பாட்டு. ஓட்டப்பந்தய வேகம், நடுவில் மூச்சு விட இடமே இல்லை. பாடிப் பார்த்துத் தோற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

'சேபர் மரியோனெட் ஜே' தொடரில் லைம் என்ற பாத்திரமாகப் பேசினார், தொடக்கப் பாடலும் அவருடையது. 'ஷாமன் கிங்' தொடரில் அன்னாவாகப் பேசினார். 2001இல் தொடங்கிய அந்தத் தொடரின் தொடக்கப் பாடல்கள் இரண்டும் இவர் பாடியவை. 2021இல் அதே கதையைப் புதிதாக எடுத்தபோது மறுபடியும் அதே அன்னா, மறுபடியும் தொடக்கப் பாடல். பாட்டு பாத்திரத்தோடு வந்து பாத்திரத்தோடு போகிறது என்று மேலே சொன்னதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆல்பங்கள் தனி. 1991இலிருந்து கிங் ரெக்கார்ட்ஸ் வழியாக வந்தன. 1996 ஆல்பத்தின் பெயர் 'பெர்தெமு'. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மலாய் மொழியில் சந்திப்பது என்று பொருள். 1997 ஆல்பத்துக்கு 'இராவதி'. அந்தப் பெயர் நம் காதுக்கு எப்படி ஒலிக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. டோக்கியோவில் உட்கார்ந்துகொண்டு நம் அக்கம்பக்கத்துச் சொற்களைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

வெறுமனே பாடுகிறவரா, எழுதவும் செய்வாரா?

எழுதுவார். இவர் பாடல்களில் பாடலாசிரியர் இடத்தில் 'மெகுமி' என்று மட்டும் ரோமன் எழுத்தில் இருந்தால் அது இவரே. பேசிப் பழகிய பாத்திரத்துக்கு அவரே வரி எழுதுவதால், லீனாவின் பாட்டு லீனாவின் திமிரோடு இருக்கிறது.

பிறர் எழுதிக் கொடுத்ததிலும் ஒரு முத்து உண்டு. 2016இல் வந்த 'ஷோவா கென்ரோகு ரகுகோ ஷின்ஜு' என்ற தொடர், ரகுகோ எனும் பழைய கதைசொல்லும் கலையைப் பற்றியது. அதில் மியோகிச்சி என்ற கெய்ஷாவாக மெகுமி நடித்தார். தொடக்கப் பாடலைப் பாடகி ஷீனா ரிங்கோ எழுதி இசையமைத்துக் கொடுத்தார். லீனாவும் முசாஷியும் மட்டுமே தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் ஆள் மாறிவிட்டது என்று சத்தியம் செய்வார்கள். பனிக்கட்டி மேல் நடப்பதைப் போன்ற, விழுந்துவிடுவோம் என்று தெரிந்தே நடப்பதைப் போன்ற குரல்.

இத்தனை பாடல்கள் இருந்தும் கச்சேரி ஏன் செய்யவில்லை? நேரில் பாட வராதா?

இந்தக் கேள்வியில் குத்தல் இருக்கிறது, இருந்தாலும் கேட்கவேண்டிய கேள்விதான். 1990களில் குரல் நடிகைகள் மேடையேறும் அலை அடித்தது. ஷீனா ஹெகிரு 1997இலேயே நிப்போன் புடோக்கான் என்ற பெரிய அரங்கில் தனிக் கச்சேரி செய்துவிட்டார். ரன்மாவில் நடித்த ஐந்து நடிகைகள் சேர்ந்து 'டோகோ' என்ற குழுவாகப் பாடியபோது மெகுமியும் அதில் ஒருவர். ஆனால் தனக்கென்று ஒரு முழுக் கச்சேரியை அவர் செய்தது 2017 ஜூனில், டோக்கியோவின் நகானோ சன்பிளாசா அரங்கில். அப்போது வயது 50. முதல் ஆல்பம் வந்து இருபத்தாறு ஆண்டுகள் கழித்து!

காரணம் பற்றி என் ஊகம் இது: மேடையில் நிற்கும்போது ரசிகன் பார்ப்பது மெகுமியை. பாட்டுக்குள் இருப்பதோ லீனாவும் அன்னாவும். முகத்தைக் காட்டினால் அவர்கள் மறைந்துவிடுவார்கள் என்ற தயக்கம் இருந்திருக்கவேண்டும். ரசிகர்களோடு பேச அவருக்கு வேறு இடம் இருந்தது. 1992இல் தொடங்கிய 'டோக்கியோ பூகி நைட்' வானொலி நிகழ்ச்சியில் வாராவாரம் நேயர் கடிதங்களை வாசித்து, சிரித்து, திட்டிப் பேசிக்கொண்டே இருக்கிறார். முகமில்லாமல் பேசுவதற்கு வானொலியை விட்டால் வேறு எது?

கல்யாணம், குழந்தைக்குப் பிறகு நிறுத்திவிட்டார் என்று படித்தேனே?

தவறு. 1998இல் மணம் செய்துகொண்டார், 2004இல் மகள் பிறந்தாள். வேலையைக் குறைத்துக்கொண்டது உண்மை. 1990களின் வெறித்தனமான எண்ணிக்கை பிறகு இல்லை. ஆனால் முசாஷியும் ஹாய்பராவும் கிட்டியும் தொடர்ந்தார்கள். 2006இல் இயக்குநர் கோன் சடோஷியின் 'பாப்ரிகா' வந்தது. வெனிஸ் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற படம். அதில் சிபா அட்சுகோ என்ற இறுக்கமான மனநல ஆய்வாளரும், கனவுக்குள் அவள் எடுக்கும் வடிவமான பாப்ரிகா என்ற துள்ளலான பெண்ணும் மெகுமிதான்.

ரன்மாவில் ஒருவனுக்கு இரண்டு பேர், இதில் ஒருத்திக்குள் இரண்டு பேர். படத்தின் பிற்பகுதியில் அட்சுகோவும் பாப்ரிகாவும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் இடங்களைக் கேளுங்கள். இருவருக்கும் குரலின் உயரம் பெரிதாக வேறுபடவில்லை. வேறுபடுவது மூச்சுதான், ஒருத்தி மூச்சை அடக்கிப் பேசுகிறாள், இன்னொருத்தி விட்டுப் பேசுகிறாள். அவர் செய்ததிலேயே சிறந்தது எது என்று கேட்டால் ரெய்யைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

இவ்வளவு புகழ் என்றால் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கியிருப்பாரே?

அவர் வருமானம் நமக்கெதற்கு? தொழிலின் கணக்கை மட்டும் சொல்கிறேன். ஜப்பானில் தொழிற்சங்க ஒப்பந்தப்படி குரல் நடிகர்களுக்குத் தரவரிசை உண்டு. புதியவர்களுக்கு அரைமணி நேர அத்தியாயத்துக்கு அடிப்படைத் தொகை 15,000 யென். படிப்படியாக ஏறி 45,000 வரை போகும். அதற்கு மேல் வரிசைக்குள் அடங்காதவர்கள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரே ஒரு வசனம் பேசினாலும் நூறு வசனம் பேசினாலும் அத்தியாயத்துக்கு அதே தொகைதான். லீனாவுக்கு நஷ்டம், ரெய்க்கு லாபம்.

பாட்டு, வானொலி, விளம்பரம் என்று குரல் நடிகர்கள் கிளை பரப்புவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். நர்ஸ் படிப்பை முடித்தது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று இப்போது புரிந்திருக்கும்.

2024இல் ரன்மாவை மறுபடியும் எடுத்தார்களே, புதுக் குரல்களைப் போட்டிருக்கலாமே? 57 வயதில் பதினாறு வயதுப் பையன்-பெண்ணாக எப்படி?

2024 அக்டோபரில் வந்த புதிய ரன்மாவில் மெகுமி, யமாகுச்சி, ஹிடாகா, தகாயாமா என்று பழைய ஆட்கள் பலரும் அதே பாத்திரங்களுக்குத் திரும்பினார்கள். நானும் சந்தேகத்தோடுதான் உட்கார்ந்தேன். 1989 குரலில் ஓரத்தில் ஒரு கூர்மை இருந்தது. இப்போது கொஞ்சம் மழுங்கியிருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் எங்கே நிறுத்துவது, எங்கே வெடிப்பது என்ற கணக்கு முன்னைவிடத் துல்லியம். ரன்மா ஐஸ்கிரீம் சாப்பிட ஆசைப்பட்டு, ஆண் என்பதால் வெட்கப்பட்டு, பெண் வடிவில் போய்ச் சாப்பிடும் மாதிரி அசட்டுத்தனங்களுக்கு வயது குறுக்கே நிற்கவில்லை.

எவாஞ்செலியன் திரைப்படங்களில் பயங்கரக் காட்சிக்கு நடுவே குழந்தைப் பாட்டு மாதிரி ஒன்று வருகிறதே, அதைப் பாடுவது யார்? ரெய்யா, மெகுமியா?

நல்ல கேள்வி; எனக்கே முழுப் பதில் கிடையாது. 2009 படத்தில் இரண்டு பாடல்கள் வருகின்றன. ஒன்று பிரியாவிடைப் பாட்டு, இன்னொன்று சிறகுகள் வேண்டும் என்று கேட்கும் பாட்டு. ஜப்பானில் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் இரண்டும் மனப்பாடம். முதலாவது, ஒரு ராட்சத உருவம் இன்னொன்றைக் கிழித்து எறியும்போது ஒலிக்கிறது. இரண்டாவது, ஷின்ஜி ரெய்யை மீட்கக் கை நீட்டும்போது. இரண்டையும் பாடுவது மெகுமி. பெயர்ப் பட்டியலில் அவர் பெயர்தான் இருக்கிறது. ஆனால் கையை நீட்டும்போது கேட்பவனுக்கு, காப்பாற்றப்படுகிறவளே பாடுகிறாள் என்றுதான் தோன்றும்.

2021இல் வந்த கடைசிப் படத்தில் ரெய்யைப் போன்ற ஒருத்தி கிராமத்துப் பெண்களோடு சேற்றில் இறங்கி நாற்று நடக் கற்றுக்கொள்கிறாள். காலை வணக்கம், நன்றி, போய்வருகிறேன் என்பதற்கெல்லாம் பொருள் கேட்கிறாள். 1995இல் இயக்குநர் சொன்ன 'தெரியாது' என்ற அந்த ஒரு சொல்லை 26 ஆண்டுகள் பொறுத்திருந்து அங்கே அறுவடை செய்திருக்கிறார்கள். அந்தப் படத்திலும் ஒரு பழைய பாடல், பாடகி மட்சுடோயா யூமியுடையது, மெகுமியின் குரலில் வருகிறது.

நான் எதிலிருந்து தொடங்குவது?

ஸ்லேயர்ஸ் முதல் அத்தியாயத்தையும் எவாஞ்செலியன் ஐந்தாம் அத்தியாயத்தையும் ஒரே நாளில் பாருங்கள். மறுநாள் பாப்ரிகா. பாட்டுக்கு, மேலே சொன்ன ஸ்லேயர்ஸ் பாடல்களையும் ரகுகோ பாடலையும் அடுத்தடுத்துப் போடுங்கள். நாலைந்து மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கோனானைத் தொடக்கத்திலிருந்து பார்க்கிறேன் என்று கிளம்பினால் ஓய்வு பெற்ற பிறகுதான் முடிப்பீர்கள்.

எவாஞ்செலியனில் மூன்றாவது குரல் என்று சொன்னீர்களே, அது யார்?

ஷின்ஜி தங்கியிருக்கும் மிசாத்தோ வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வசிக்கும் பெங்குவின், பென்பென்.